எம்.டி.க்கு யார் மார்க் போடுவது?

2025 ஏப்ரலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் அப்ரைசல் (ஊழியர்களுக்கு வருடா வருடம் மார்க் போடும் மதிப்பீடு) தகராறுகளைத் தீர்த்துவைக்கப் போயிருந்தேன். வெளியிலிருந்து வருகிற ஹெச்.ஆர். ஆள் என்பதால் இந்த மாதிரி வேலைகள் என் தலையில்தான் விழும். வாகன உதிரிபாகம் செய்கிற கம்பெனி, 210 பேர் வேலை செய்கிறார்கள். மூன்று டைரக்டர்கள்: ஒற்றை லேத்தோடு தொழிலை ஆரம்பித்த பெரியவர், இப்போது எம்.டி.யாக இருக்கும் அவருடைய மகள், மார்க்கெட்டிங் பார்க்கும் மருமகன். ஆட்கள் மருமகனை முதுகுக்குப் பின்னால் ‘மாப்பிள்ளை சார்’ என்பார்கள், நேரில் வெறும் சார்.

இரண்டாவது நாள் பர்ச்சேஸ் ஆபீசர் வந்தார். மற்றவர்கள் புகார்க் கடிதத்தோடு வந்தார்கள், இவர் ஒரு ஃபைலோடு வந்தார். “எனக்கு ரெண்டு போட்டிருக்காங்க சார்” என்றார். ஐந்துக்கு இரண்டு. இரண்டு என்றால் இன்க்ரிமென்ட் மூன்று சதவீதம், நான்கு என்றால் ஒன்பது. காரணம், ஈ.என்.8 ரவுண்ட் பார் என்கிற உருக்குக் கம்பி மூன்று வாரம் தாமதமாக வந்தது, ஒரகடத்து கஸ்டமர் பணத்தைப் பிடித்துக்கொள்வதாக டெபிட் நோட் போட்டுவிட்டார். ஃபைலைத் திறந்தார். சரக்கு வேண்டும் என்று கேட்கிற இன்டென்ட் 2024 அக்டோபர் 3. அன்றைக்கே மூன்று டீலர்களின் கொட்டேஷன், ஒப்பீட்டுத் தாள், அவருடைய கையெழுத்து. அடுத்த கையெழுத்து ஒப்புதல், அக்டோபர் 22. குறைந்த விலை சொன்ன டீலரின் ரேட் ஏழு நாளைக்குத்தான் செல்லும் என்று கொட்டேஷனின் அடியிலேயே இருந்தது. 22-ஆம் தேதி ஆர்டர் போனபோது அந்த ரேட்டும் இல்லை, சரக்கும் இல்லை.

அவர் வாதாடவில்லை. இரண்டு தேதிகளுக்கும் நடுவே விரலை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். எம்.டி. அதே அறையில்தான் இருந்தார். “ஆயுத பூஜை நடுவுல வந்துது…” என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்திக்கொண்டார். ஃபைலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம், “அப்போ எனக்கு யார் சார் ரேட்டிங் போடுறது?” என்றார்.

பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் மறுநாளே போன் செய்து, என்னென்ன வழி இருக்கிறது, எது இந்தக் கம்பெனிக்குச் சரிவரும் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். அந்தக் குறிப்பைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிக்கும் இது பொருந்தும், கிண்டி பட்டறைக்கும் பொருந்தும்.

முதலில், எதையும் மாற்றாமல் விடுவதும் ஒரு வழிதான். பெரியவர் கட்சி அது. “வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு தம்பி. பர்சனல் கேரன்டி கையெழுத்து என்னோடது. தப்பு பண்ணா என் வீடு போகும். இதுக்கு மேல எனக்கு எதுக்கு மார்க்கு?” இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. சம்பளக்காரர் வேலையை விட்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விடலாம், அவர் எங்கே போவார்? ஆனால் வங்கி போடுகிற மார்க் எல்லாம் முடிந்த பிறகு வருவது. வீடு ஜப்திக்கு வருகிற அன்றைக்கு ரேட்டிங் தெரிந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? அதற்குள் அந்தப் பத்தொன்பது நாட்களுக்கான விலையைப் பர்ச்சேஸ் ஆபீசர் கட்டியிருப்பார். அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, திருநின்றவூரில் இரண்டு பெட்ரூம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2013 கம்பெனிகள் சட்டப்படி, பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பப்ளிக் கம்பெனிகளும் டைரக்டர்களின் செயல்பாட்டை ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டும். பிரிவு 197 சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது: டைரக்டர்கள் எல்லோருக்கும் சேர்த்து நிகர லாபத்தில் 11 சதவீதம், ஒரே ஒரு எம்.டி. என்றால் அவருக்கு 5 சதவீதம். அதைத் தாண்ட வேண்டுமானால் பங்குதாரர்களின் கூட்டத்தில் ஒப்புதல் வேண்டும். சந்தையில் உள்ள கம்பெனி என்றால், ஒவ்வொரு டைரக்டரின் சம்பளமும் சம்பள வரிசையில் சரியாக நடுவில் இருக்கும் ஊழியரின் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்பதையும் வெளியிட வேண்டும். நீங்கள் வேலை பார்ப்பது அப்படிப்பட்ட கம்பெனி என்றால் ஆண்டறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டிப் பாருங்கள், அன்றைய டீ கசக்கும். ஆனால் பிரைவேட் லிமிடெட்டுக்கு இந்தக் கட்டாயங்கள் கிடையாது. அம்பத்தூரிலும் கிண்டியிலும் திருமுடிவாக்கத்திலும் இருப்பதில் பெரும்பாலானவை பிரைவேட் லிமிடெட், பார்ட்னர்ஷிப், புரொப்ரைட்டர் வகைதான். அங்கே சட்டம் வந்து மார்க் போடாது, நாமாக ஏற்படுத்திக்கொண்டால்தான் உண்டு.

அதே படிவம், அதே மெஷின்

கேட்டவுடன் நியாயமாகப் படுவது இந்த வழி. ஊழியருக்கு என்ன படிவமோ அதுவே டைரக்டருக்கும். யூனியன் ஆட்களுக்குப் பிடிக்கும், எனக்கும் ஒரு காலத்தில் பிடித்தது. பிறகு ஒரு கம்பெனியில் செய்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. ‘கொடுத்த வேலையைக் குறித்த நேரத்தில் முடிக்கிறாரா’ என்ற கேள்விக்கு எம்.டி. தனக்குத்தானே ஐந்து போட்டுக்கொண்டார். அவருக்கு வேலை கொடுத்தவரும் அவர், நேரம் குறித்தவரும் அவர். அப்புறம் ஐந்து வராமல் என்ன வரும்?

அதோடு, அந்தப் படிவத்துக்குப் பின்னால், இத்தனை சதவீதம் பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே பிரித்துவிடும் பெல் கர்வ் என்ற வளைவு ஒளிந்திருக்கிறது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் பிரபலமாக்கிய 20-70-10 முறை இது: மேலே 20 சதவீதம் பேருக்குப் பரிசு, கீழே 10 சதவீதம் பேருக்கு வாசல். மேலே இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவர்களை வரிசைப்படுத்தச் செய்த கருவி என்பதால் அதில் செய்தவருக்கு ஒரு கட்டம் கிடையாது. மூன்று டைரக்டர்களை வைத்து வளைவு போட்டால் யார் அந்தப் பத்து சதவீதம்? மாப்பிள்ளையா? மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இந்த வரிசைப்படுத்தலைக் கைவிட்டது. இங்கே ஓ.எம்.ஆரில் அதைப் ‘போன வருஷமே எடுத்துட்டோம்’ என்று சொல்லிக்கொண்டே வேறு பெயரில் நடத்துகிறார்கள், அது தனிக் கதை.

இன்னொரு சிக்கல் காலம். மெஷினில் நிற்பவரின் தவறு அடுத்த ஷிப்டுக்குள் தெரிந்துவிடும், ரிஜக்‌ஷன் தொட்டியில் கிடக்கும். என்ஜின் பாகம் போதும், மின்சார வண்டிக்கான பாகம் இப்போது வேண்டாம் என்று எம்.டி. எடுத்த முடிவு சரியா தவறா என்பது மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். ஏப்ரலுக்கு ஏப்ரல் லாபத்தை மட்டும் பார்த்து அவருக்கு மார்க் போட்டால், மெஷின் பராமரிப்பைத் தள்ளிப்போட்டு லாபம் காட்டுவார். கார் விற்பனை நாடு முழுக்க ஏறினால் ஒன்றும் செய்யாத எம்.டி.க்கும் ஐந்து வரும், இறங்கினால் உயிரைக் கொடுத்தவருக்கும் இரண்டுதான். ஆகவே வேலையின் பலனை அளக்க ஒரே படிவம் உதவாது.

ஆனால் நடத்தைக்கு? அங்கே இரண்டு படிவம் இருக்கவே கூடாது என்பேன். நேரத்துக்கு வருவது, செலவுக்கு பில் வைப்பது, மீட்டிங்கில் வாய்க்கு வந்தபடி பேசாமல் இருப்பது, கீழே வேலை செய்யும் பெண்களிடம் நடந்துகொள்வது, இதற்கெல்லாம் மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கம்பெனியில் மூன்று லேட் மார்க் விழுந்தால் அரை நாள் சம்பளம் போகும். 8.30 ஷிப்டுக்கு 8.41-க்கு வந்தவர் கைரேகை மெஷின் முன்னால் நின்று சபிப்பதை நானே கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை சார் பதினொன்றரைக்கு வந்து அந்த மெஷினைத் தாண்டி நடந்து போவார்.

மெக்டொனால்ட்ஸின் உலகத் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்டீவ் ஈஸ்டர்புரூக், ஊழியர் ஒருவரோடு உறவு வைத்திருந்தார் என்று 2019 நவம்பரில் வெளியேற்றப்பட்டார். அந்தக் கம்பெனி விதி கீழ்நிலை மேலாளருக்கு எப்படியோ அப்படியே அவருக்கும். ஆனாலும் முதலில் பெரிய தொகையோடுதான் அனுப்பிவைத்தார்கள். மறைத்தது இன்னும் இருக்கிறது என்று தெரிந்ததும் 2020-ல் வழக்குப் போட்டு, 2021 டிசம்பரில் சுமார் 10.5 கோடி டாலர் மதிப்புள்ள பணத்தையும் பங்குகளையும் திரும்ப வாங்கினார்கள். விதி எழுதியிருந்ததால்தான் அவரைத் தொட முடிந்தது.

நம் ஊரிலேயே இன்னும் கூர்மையான ஒரு ஏற்பாடு இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில், பத்துப் பேருக்குக் குறையாத இடங்களில் உள்புகார்க் குழு வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். முதலாளி மீதே புகார் என்றால் அதை மாவட்ட அளவிலான லோக்கல் கமிட்டிக்குக் கொண்டுபோகலாம் என்பது அவ்வளவாகத் தெரியாது. முதலாளியை அவர் சம்பளம் கொடுக்கிற ஆட்களே விசாரிக்க முடியாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. மார்க் போடும் விஷயத்திலும் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கீழிருந்து மேலே

சரி, ஊழியர்களே தலைவருக்கு மார்க் போட்டால்? இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரரான சிவ் நாடார் தொடங்கிய ஹெச்.சி.எல். குழுமத்தில், ஹெச்.சி.எல். டெக்னாலஜிஸின் பொறுப்புக்கு 2005-ல் வந்த வினீத் நாயர், தன்னைப் பற்றி ஊழியர்கள் சொன்ன 360 டிகிரி மதிப்பீட்டைக் கம்பெனியின் உள்வலையில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார். மற்ற மேலாளர்களை அவர் கட்டாயப்படுத்தவில்லை. தலைவரே போட்ட பிறகு போடாமல் இருப்பவர் எதையோ மறைக்கிறார் என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கம்பெனிக்கு இன்றைக்கு சோழிங்கநல்லூர் எல்காட்டில் பெரிய வளாகம் இருக்கிறது.

ஆயிரக்கணக்கானோர் இருக்கும் இடத்தில் அது எடுபடும். 210 பேரில்? பர்ச்சேஸில் மொத்தம் நான்கு பேர். கணக்குப் பிரிவில் ஒருவர் மட்டும்தான் ‘தாங்கள்’ என்று எழுதுவார். பெயர் போடாமல் எழுதினாலும் முதல் வரியிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஐ.டி. கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். ‘பெயர் தெரியாது, மனம் திறந்து எழுதுங்கள்’ என்று படிவம் வந்தது. திறந்தால் முதலில் ஆபீஸ் மின்னஞ்சலில் லாகின் செய்யச் சொன்னது. பாதிப் பேர் அங்கேயே மூடிவிட்டார்கள். மீதிப் பேரில் ஒருவர், மேலாளர் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை கொடுக்கிறார் என்று எழுதினார். மறு வாரம் மேலாளர் எங்கள் டீமை மட்டும் ஒரு அறைக்குக் கூப்பிட்டுச் சமோசா வாங்கி வைத்துவிட்டு, “நான் தப்பா எடுத்துக்கல, யார்னு மட்டும் தெரிஞ்சா அவர்கிட்ட தனியா பேசலாம்னுதான்” என்றார். யாரும் சமோசாவைத் தொடவில்லை. அடுத்த வருடம் அவருக்கு எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டோம். அந்த ஐந்தைத் தன் பதவி உயர்வுக்கான ஸ்லைடில் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆகவே சின்ன இடத்தில் அபிப்பிராயம் கேட்பது ஆபத்து. பயந்தவர்கள் போட்ட ஐந்தைப் பார்த்துத் தலைவர் தான் நன்றாக நடத்துவதாக நம்பிவிடுவார், படிவமே இல்லாமல் இருப்பது அதைவிட மேல்.

பணத்தில் கை வைப்பது

மூன்றாவது வழிக்கு மார்க், படிவம் எதுவும் வேண்டாம், சம்பளத்தையே பலனோடு கட்டிவிட வேண்டியதுதான். வங்கிகளில் இது விதியாகவே வந்துவிட்டது. ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் வெளியிட்டு 2020 ஏப்ரல் முதல் அமலான வழிகாட்டுதலின்படி, தனியார் வங்கித் தலைமை அதிகாரிகளின் ஊதியத்தில் குறைந்தது பாதி, பலனைப் பொறுத்து மாறுவதாக இருக்க வேண்டும். அந்த மாறும் பகுதியில் குறைந்தது 60 சதவீதத்தை மூன்று வருடமாவது தள்ளித் தள்ளித்தான் கொடுக்க வேண்டும். நடுவில் குட்டு வெளிப்பட்டால் கைக்கு வராததை நிறுத்தலாம், கைக்கு வந்ததைத் திரும்பக் கேட்கலாம். கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 199-ம் இந்த வழிதான்: மோசடியாலோ விதிமீறலாலோ கணக்கைத் திருத்தி எழுத நேர்ந்தால், அந்தப் பொய்க் கணக்கை வைத்து அதிகமாக வாங்கிய சம்பளத்தை எம்.டி.யிடமிருந்து திரும்பப் பெற வேண்டும்.

இந்த மூன்று வருடக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. முன்னே சொன்ன காலச் சிக்கலுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ஆனால் பணம் மட்டும் போதுமா என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவைகளாவது விற்க வேண்டும் என்பது மேலிருந்து வந்த இலக்கு. ஏன் எட்டு? ஆங்கிலத்தில் ‘எய்ட்’ என்பது ‘கிரேட்’டோடு எதுகை சேர்கிறது என்று அதன் தலைவர் ஜான் ஸ்டம்ஃபே எழுதியிருந்தார். எதுகைக்காக டார்கெட்! அதை எட்ட முடியாத கிளை ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது சுமார் 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே வேலை இழந்திருந்தார்கள். தலைவர் அடுத்த மாதம் ஓய்வு பெற்றார். அவருக்கு வர வேண்டியதும் வந்ததுமாகச் சுமார் 6.9 கோடி டாலரை வங்கி பிடித்துக்கொண்டது, 2020-ல் அரசு அபராதமும் போட்டது. பணத்தைப் பிடுங்கியது சரிதான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். இலக்கை நோக்கி ஓடியவர்கள் வருடக்கணக்கில் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டார்கள், இலக்கு வைத்தவர் கடைசியில்தான் வந்தார்.

தானாக முன்வந்து குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. விற்பனை சரிந்ததும் வீடியோ கேம் கம்பெனியான நின்டென்டோவின் தலைவர் சதோரு இவாதா 2014-ல் ஐந்து மாதம் பாதிச் சம்பளம்தான் வாங்கினார். மைக்ரோசாஃப்டில் சத்யா நாதெல்லா, 2024 நிதியாண்டின் பாதுகாப்புக் கோளாறுகளைச் சொல்லித் தன் ரொக்க போனஸைக் குறைக்கச் சொன்னார், பாதியாகக் குறைத்தார்கள். ஆனால் பங்குகளையும் சேர்த்த அவருடைய மொத்த வருமானம் அந்த வருடம் 63 சதவீதம் ஏறி 7.9 கோடி டாலரைத் தாண்டியது. மூன்று சதவீத இன்க்ரிமென்ட் வாங்கியவரிடம் போய் இதைப் பொறுப்பேற்றல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குடும்பக் கம்பெனியில் இன்னொரு கூத்து. டைரக்டரின் சம்பளத்தை வெட்டினால் அவருக்கு வலிக்கவே வலிக்காது. அம்பத்தூர் ஷெட் எம்.டி.யின் அம்மா பெயரில் இருக்கிறது, கம்பெனி மாதாமாதம் அம்மாவுக்கு வாடகை கட்டுகிறது. கார் கம்பெனி பெயரில், டிரைவர் கம்பெனிச் சம்பளத்தில், அவர் காலையில் முதலில் போவது பேரன் பள்ளிக்கு. லாபம் டிவிடெண்டாக வரும். சம்பளம் என்பது வருமான வரிக்காக ஆடிட்டர் எழுதுகிற ஒரு எண். அதில் பத்து சதவீதம் வெட்டினோம் என்று நோட்டீஸ் போர்டில் போட்டால் பார்ப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

வெளியாள்

அப்படியானால் வெளியிலிருந்து ஒருவர். பெரிய கம்பெனிகளில் சுயேச்சை டைரக்டர்கள் இருக்கிறார்கள். சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி அவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது நிர்வாகத்து ஆட்கள் யாரும் இல்லாமல் தனியாகக் கூடி, சேர்மனையும் மற்ற டைரக்டர்களையும் மதிப்பிட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சத்யம் கம்ப்யூட்டர்ஸின் போர்டில் பெயர் பெற்ற நிர்வாகவியல் பேராசிரியர்களே இருந்தார்கள். 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் சேர்மன் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொள்ளும் வரை, இல்லாத பணம் கணக்கில் இருந்தது அவர்கள் கண்ணில் படவில்லை. சின்னக் கம்பெனியில் வெளியாள் என்றால் பெரும்பாலும் கிளப் நண்பர், ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர், இல்லையென்றால் சம்பந்தி. பொங்கலுக்குப் பழக்கூடை வாங்குகிறவர் ஏப்ரலில் இரண்டு போட மாட்டார்.

நான் போடுவேனா? எனக்கும் அங்கிருந்துதான் ஃபீஸ் வருகிறது. அதையும் குறிப்பில் எழுதினேன்.

இந்தப் பேச்சு நடந்தபோது உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. குடவோலைக்குப் பெயர்போனது, பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். நான் அதில் சீட்டெடுப்பைவிடத் தகுதியிழப்பை ரசிப்பேன்: வாரியத்தில் (ஊர் நிர்வாகக் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது, அவருடைய உறவினர்களும் வர முடியாது. மதிப்பெண் கிடையாது, வளைவு கிடையாது, கணக்குக் கொடுத்தாயா இல்லையா என்ற ஒரே கேள்விதான். இதைச் சொன்னதும் எம்.டி. சிரித்துவிட்டார். “உறவுக்காரங்களையும் சேர்த்தா எங்க கம்பெனியில டைரக்டர் நாற்காலியே காலியாயிடும் சார்.”

எதைத் தேர்ந்தெடுத்தோம்

நான்கு வழிகளில் எதுவும் தனியாக நிற்காது. ஆனால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்துவிடலாம் என்பது ஆலோசகர்களின் சோம்பேறித்தனம், நானும் செய்திருக்கிறேன். இந்த முறை அந்த ஃபைலிலிருந்தே ஆரம்பித்தேன். பர்ச்சேஸ் ஆபீசருக்கு எம்.டி.யைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. தேதியைக் காட்டினார், அவ்வளவுதான். தேதி சொல்ல தைரியம் வேண்டாம், பெயரை மறைக்க வேண்டாம், சமோசாவும் வேண்டாம்.

அதனால் முதல் மாற்றம் டைரக்டரின் படிவத்தில் இல்லை, ஊழியரின் படிவத்தில். ஒவ்வொரு இலக்குக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் கூட்டினோம்: ‘மேலிருந்து வர வேண்டியது என்று வந்தது?’ ஒப்புதல், பணம், ஆள், டிராயிங், எதுவானாலும் சரி. கேட்ட தேதி, வந்த தேதி. மூன்று வேலை நாளுக்கு மேல் போன ஒவ்வொரு நாளும் ஊழியரின் தாமதத்திலிருந்து கழியும். கழிந்த நாள் காற்றில் கரைந்துவிடாது, யார் மேஜையில் இருந்ததோ அவர் தாளில் போய் ஏறும். மார்ச் கடைசியில் கூட்டினால் எம்.டி.யின் ரேட்டிங்கில் பாதி தானாகவே வந்துவிடும். யாரும் அவருக்கு மார்க் போட வேண்டியதில்லை, 210 பேருடைய படிவங்களே போட்டுவிடும்.

மாப்பிள்ளை சார் இதை ஏற்கவில்லை. “நல்லா யோசிச்சு முடிவெடுக்கிறதுக்கு நாள் ஆகும். இப்படி வெச்சா எல்லா ஃபைல்லயும் கண்ணை மூடிட்டு கையெழுத்துதான் போடுவோம்” என்றார். நியாயமான பயம். அதனால் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினாலும் பதில்தான் என்று சேர்த்தோம், ‘இன்னும் இரண்டு கொட்டேஷன் வேண்டும்’ என்றாலும் பதில்தான். மேஜையிலேயே கிடப்பது மட்டும்தான் கணக்கில் ஏறும்.

நடத்தை விதிகள் எல்லோருக்கும் ஒன்று, டைரக்டர்களும் கைரேகை வைக்க வேண்டும். வேறு வேலையாக வெளியே போனால் சேல்ஸ் ஆட்களைப் போலவே அவர்களும் ஓ.டி. (ஆன் டியூட்டி) ஸ்லிப் எழுத வேண்டும். பலனுக்கு ஒரு பக்கத் தாள் போட்டோம், நான்கே வரி, ஏப்ரல் 1-க்கு முன் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நடுவில் திருத்தினால் பழைய வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டுமே தவிர, புதுத் தாள் கிடையாது. மூன்று வருடம் சேர்த்துப் பார்ப்பதற்காக மூன்று வருடத் தாள்களும் ஒரே ஃபைலில் இருக்கும். அதைப் பார்க்க வெளியாட்கள் இரண்டு பேர். ஒருவர் எஸ்டேட்டிலேயே வேறு தொழில் செய்யும் ஒரு அம்மா, இவர்களுக்கு விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. இன்னொருவர் கம்பெனியின் முன்னாள் ஃபோர்மேன், ஓய்வு பெற்றுப் பாடியில் இருக்கிறார். அவரைச் சொன்னது எம்.டி. “அவர் அப்பாவையே திட்டுவார்” என்பதுதான் அவருக்கான தகுதிச் சான்று.

பணத்தில் ஒரே விதிதான் வைத்தோம். ஊழியர்களுக்குச் சராசரியாக எத்தனை சதவீதம் இன்க்ரிமென்டோ, டைரக்டர்களின் சம்பளமும் அம்மாவின் ஷெட் வாடகையும் அதற்கு மேல் ஏறக் கூடாது, ஊழியர்களுக்குப் போட்ட பிறகுதான் இவர்களுக்கு. வாடகையைச் சேர்க்க ஒரு மாதம் பேச வேண்டியிருந்தது. சம்பளத்தைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை, அதிலிருந்தே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

கம்பெனி பெரியது, பங்குகள் சந்தையில் உள்ளன, தலைவரே சம்பளக்காரர்தான் என்றால் நான் வேறு மாதிரி சொல்வேன். அங்கே வங்கிகளின் மூன்று வருட முறையை முதலில் வைக்க வேண்டும், தேதிக் கட்டம் அதற்கு அப்புறம். முழுக்க ஐ.டி. என்றால் ஒப்புதல் தாமதத்தோடு, மேலே நடுவழியில் மாற்றிய இலக்குகளையும் எண்ண வேண்டும். அங்கே மேஜையில் ஃபைல் கிடப்பதைவிட, ஜனவரியில் சொன்ன பிராஜெக்ட் ஜூனில் காணாமல் போவதுதான் அதிகம், ரேட்டிங்கோ அந்தப் பிராஜெக்டில் இருந்தவர்களுக்குக் குறையும்.

பர்ச்சேஸ் ஆபீசரின் இரண்டு ஜூனில் நான்காக மாறியது, ஏப்ரலிலிருந்து கணக்குப் போட்டு அரியர்ஸ் ஜூலைச் சம்பளத்தோடு வந்தது. எம்.டி.யின் தாளில் முதல் வரியாக ‘19 நாள், ஈ.என்.8’ என்று அவரே தன் கையால் எழுதினார். அது போன நிதியாண்டு, இந்தத் தாளில் வராது என்று நான் சொன்னேன். இருக்கட்டும் என்றார்.

கைரேகையில்தான் சிக்கல் வந்தது. முதல் நாள் பெரியவர் 8.20-க்கே வந்து வரிசையில் நின்றார். கட்டைவிரலை வைத்தார், மெஷின் மறுபடி வைக்கச் சொன்னது. துடைத்துவிட்டு வைத்தார், ஆள்காட்டி விரலை வைத்தார், இடது கையை வைத்தார். பின்னால் ஷிப்டுக்கு வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. முப்பது வருடம் லேத்தில் நின்ற கை, ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. கடைசியில் செக்யூரிட்டி தன் மேஜையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். பெரியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினார், 8.27. கையெழுத்துப் போட்டுவிட்டு, லேட் மார்க் இல்லையே என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.